எண்ணெய்க் கிண்ணமா, டியூபா? ஒரு வீடு, மூன்று வயது

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நான்கு கட்சிகள் குடியிருக்கின்றன. அத்தையின் தேங்காய் எண்ணெய் (காங்கேயத்துப் பக்கம் செக்கில் ஆட்டியது), கஸ்தூரி மஞ்சள் டப்பா, மகளின் சன்ஸ்கிரீன், அப்புறம் என்னுடைய ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைக் கிரீம்). அத்தைக்கு 71, எனக்கு 47, மகளுக்கு 23. எது உசத்தி என்று மாதம் ஒரு சண்டையாவது வரும்.

மகள் மொடக்குறிச்சியிலிருந்து பெருந்துறைக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறாள். அவள் சன்ஸ்கிரீன் பூசுவதைப் பார்த்து அத்தை கேட்டார்: “ஏங்கண்ணு, வெயில்ல போறதுக்கா இத்தன காசு குடுத்துப் பூசோணும்? நாப்பது வருசம் மஞ்சக்காட்டுல நின்னேன், மஞ்சளத் தவுத்து என்னத்தப் பூசுனேன்?”

பதிலை அத்தையின் கையே வைத்திருந்தது. ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பார்த்தால் உள்ளே தோல் வழவழவென்று இருக்கிறது. ரவிக்கை முடிகிற கோட்டுக்குக் கீழே கறுத்து, சுருங்கி, புள்ளி விழுந்து, காய்ந்த கொப்பரை மாதிரி. இரண்டுக்கும் வயது 71தான். கீழே விழுந்தது வெயில்.

தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 95 சதவீதம் யுவிஏ என்ற வகை. அது சுடாது, ஆனால் தோலின் ஆழத்துக்குப் போய், தோலைத் தொய்யாமல் பிடித்துவைக்கும் கொலாஜன் என்ற புரதத்தைச் சிதைக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று மேகத்தோடு வருகிற நாளில் வெயிலே இல்லை என்று நினைப்போம். மேகமும் சரி, பஸ் ஜன்னல் கண்ணாடியும் சரி, யுவிஏவை முழுசாகத் தடுப்பதில்லை. டியூபில் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, அது முக்கியமாகத் தோலைச் சுடுகிற யுவிபி வகைக்கான கணக்கு. யுவிஏவுக்கு பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை பிளஸ் என்று பார்க்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும், அது ஒரு கிராம் கிட்ட வரும். ஐம்பது கிராம் டியூப் மூன்று மாதம் ஓடுகிறது என்றால் பேருக்குத்தான் பூசுகிறோம்.

மஞ்சளால் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது, அது குழம்புக்கு. கஸ்தூரி மஞ்சள் வேறு செடி, அதுவும் கடையில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அசல் இல்லை. ஆக, இருபதுகளில் என் ஓட்டு சன்ஸ்கிரீனுக்கு, யோசிக்கவே வேண்டியதில்லை. நம்ம நிறத்துக்குச் சுருக்கம் கொஞ்சம் தாமதமாக வரும், மங்கு முந்திக்கொள்ளும். மங்கு இருக்கிறவர்கள் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்கலாம். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் ஓரளவு தடுக்கும்.

என் வயதில் போட்டி வேறு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜனில் 30 சதவீதம் வரை குறையும் என்கிறார்கள். இங்கே ரெட்டினாலுக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. ஆனால் நான் ஆசைப்பட்டு ராத்திரிதோறும் பூசினேன். ஒரே வாரத்தில் வாயைச் சுற்றித் தோல் உரிந்தது. அந்த வாரம் பார்த்து ஒரு கல்யாணம்! இப்போது வாரம் இரண்டு ராத்திரி, பட்டாணி அளவு, மாய்ஸ்சரைசர் பூசிய பிறகு. பலன் தெரிய மூன்று நான்கு மாதம் ஆனது. கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்குக் காத்திருப்பவர்களும் இதைத் தொடக் கூடாது. காலையில் சன்ஸ்கிரீன் பூச மாட்டேன் என்பவர்களும் ரெட்டினாலை விட்டுவிடுங்கள், வெறும் மாய்ஸ்சரைசரே மேல். ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆக்குவதாகச் சொல்லி, டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்கும் கிரீம்களை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், தோலை மெலியவைத்துவிடும்.

அத்தையின் பிரச்சினை சுருக்கம் இல்லை, அரிப்பு. போர்த்தண்ணி உப்பு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர், காரமான சோப்பு. ராத்திரி முழங்காலுக்குக் கீழே வறட்டு வறட்டென்று சொறிவார். இங்கேதான் தேங்காய் எண்ணெய்க்கு மரியாதை. ஆனால் எண்ணெய் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்குமே தவிர, புதிதாகக் கொண்டுவராது. அத்தையோ காய்ந்த காலில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் பந்தயம் வைத்தோம். குளித்து ஈரம் காயும் முன்னே இடது காலுக்கு எண்ணெய், வலது காலுக்கு, ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் 10 சதவீத யூரியா கிரீம். சோப்பு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும். இடது காலில் அரிப்பு பாதியாகக் குறைந்தது, வலது காலில் செதில் அடியோடு போனது. குதிகால் வெடிப்பில் மட்டும் யூரியா சுரீரென்று எரிந்ததால் அங்கே எண்ணெயே தொடர்கிறது.

“ரெண்டும் ஒண்ணுதான் போ” என்றார் அத்தை. ஆனால் டியூப் இப்போது அவர் கட்டிலுக்கடியில் இருக்கிறது. எண்ணெயையும் கட்டிலில் உட்கார்ந்துதான் தேய்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். குளியலறை டைல்ஸில் சொட்டினால் வழுக்கும்.