ஜெல்லா, கரைசலா: மலைச் சைக்கிள் பையில் எதை வைப்பது?

கோத்தகிரியிலிருந்து கோடநாடு பக்கம் போகும் தேயிலைத் தோட்டத்து மண் தடங்களில் இரண்டு வருடமாக மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். ஒரு சுற்றுக்கு 3 மணி நேரம், சில நாள் 4. தூரமாகப் பார்த்தால் 30 கிலோமீட்டர்தான். ஆனால் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி வருவதற்குள் தார்ச்சாலையில் அதைப்போல இரண்டு மடங்கு ஓட்டிய களைப்பு வந்துவிடும். முதல் வருடம் முழுக்க ஜெல் பாக்கெட்டுகளை, அதாவது தெம்புக்காகப் பிழிந்து விழுங்கும் இனிப்புப் பாகை, நம்பி ஓட்டினேன். இப்போது உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலுக்கு மாறிவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கரைசல் பக்கம்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் வீடு திரும்புகிறவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை. காலையில் நாலு இட்லி, வழியில் வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால்தான் தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை இருப்பு தீரும் நிலைக்கு வரும். நீண்ட சவாரிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு.

ஜெல்லின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு பாக்கெட்டில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து, சட்டைப்பையில் இருப்பதே தெரியாத எடை, மெல்ல வேண்டியதில்லை. விலைதான் உறுத்தும். நான் வாங்கிய உள்நாட்டுத் தயாரிப்பே ஒன்று 100 ரூபாயை ஒட்டி வந்தது. ஒரு சவாரிக்கு 4 பாக்கெட் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, பெரும்பாலான ஜெல்களை விழுங்கியதும் தண்ணீர் குடித்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாகு வயிற்றில் கனமாக உட்கார்ந்துவிடும். தண்ணீர் சேர்த்தே தயாரித்த நீர்த்த ஜெல்களும் உண்டு, அவை அளவில் பெரியவை. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் வழியில் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் உதவாது. தண்ணீரை எப்படியும் முதுகில் சுமக்கத்தான் போகிறோம்.

என் முடிவை மாற்றியது விலை இல்லை. கை.

சாலைச் சைக்கிளில் ஒரு கையை எடுத்துப் பாக்கெட்டைக் கிழித்து வாயில் பிழிந்துகொண்டே போகலாம். மண் தடத்தில் அது நடக்காது. ஒரு முறை இறக்கம் தொடங்கும் இடத்தில், சமதளம்தானே என்று இடது கையால் ஜெல்லை எடுத்துப் பல்லால் கிழித்தேன். என் வண்டியில் இடது கைப் பிடி பின் பிரேக், வலது கைப் பிடி முன் பிரேக். அடுத்த வளைவில் காட்டெருமை ஒன்று தேயிலை வரிசைக்குள்ளிருந்து தடத்தில் இறங்கி நின்றது. கோத்தகிரிப் பக்கம் இது அன்றாடக் காட்சி. எனக்குக் கிடைத்தது முன் பிரேக் மட்டும். ஈரச் செம்மண்ணில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கை தோலுரிந்தது. மாடு பேசாமல் கடந்து போய்விட்டது, அந்த மட்டும் நல்லது.

விழுந்ததைவிட, அதன் பிறகு கவனித்ததுதான் முக்கியம். அன்றிலிருந்து நின்றால்தான் ஜெல் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் நிற்க மனம் வருவதில்லை. ஏற்றத்தில் நின்றால் மறுபடி பெடலில் ஏறிக் கிளம்புவது பெரும்பாடு. இறக்கத்தில் நிற்க யாருக்கும் பிடிக்காது. இந்த ஏற்றம் முடியட்டும், அந்த வளைவு தாண்டட்டும் என்று தள்ளித் தள்ளி, 40 நிமிடத்துக்கு ஒன்று என்று போட்ட திட்டம் 70, 80 நிமிடத்துக்கு ஒன்று என்று ஆகியது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் 4 பாக்கெட்டில் 2 அப்படியே இருக்கும். கடைசி ஏற்றத்தில் கண்ணைக் கட்டியதற்குக் காரணம் ஜெல்லின் தரம் இல்லை. அது என் வயிற்றுக்குள் போகவே இல்லை.

முதுகுப் பையில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து தோள் வழியாக வாயருகே வரும் குழாய் என்ற ஏற்பாட்டில் இந்தச் சிக்கல் தீர்ந்தது. தடம் கொஞ்சம் சீரானதும் தலையைத் திருப்பிக் குழாயைக் கவ்வி இரண்டு மிடறு. கை ஒரு நொடி விலகினால் அதிகம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே குடித்துவிடுகிறேன். ஓடும்போது உள்ளே போகிற 40 கிராம், பையில் கிடக்கிற 100 கிராமைவிட மேல் என்பது என் அனுபவம்.

கரைசலில் என்ன இருக்க வேண்டும் என்பதில் ஒரு குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மருந்துக்கடை ஓஆர்எஸ் பொடியைக் கலந்துகொண்டால் போதும் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் மீட்பதற்கான மருந்து அது, ஏற்றத்துக்கான எரிபொருள் இல்லை. உப்பு கிடைக்கும், தெம்பு கிடைக்காது. ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் வேறு வகை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

நான் வீட்டிலேயே கலக்கிறேன். ஒரு லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சம்பழம். சாதாரணச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். இரண்டையும் குடல் வெவ்வேறு வழியாக உறிஞ்சுவதால் தேங்காமல் போகிறது. இதைவிடக் கெட்டியாகக் கலந்தால் வயிற்றிலிருந்து இறங்கத் தாமதமாகும், குமட்டும். இனிப்புத் திகட்டுகிறவர்கள் பாதிச் சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பு குறைந்த மாவுச்சத்தான மால்டோடெக்ஸ்ட்ரின் பொடி போடலாம். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இதற்கும் பராமரிப்புத் தொல்லை உண்டு. சர்க்கரைத் தண்ணீரை ஒரு ராத்திரி பையிலேயே விட்டுவிட்டால் குழாயில் வழவழப்பு, ஒரு வாரம் விட்டால் கரும்புள்ளிப் பூஞ்சை. வந்த உடனே வெந்நீரும் ஆப்ப சோடாவும் விட்டு அலசி, குழாய்க்குள் நீளத் தூரிகை விட்டுத் தேய்த்து, கவிழ்த்து உலர்த்துகிறேன். மழைக்காலத்தில் அது காயவே காயாது. அப்போது பையையும் குழாயையும் பிரீசரில் போட்டுவிடுவேன், பூஞ்சை பிடிப்பதில்லை. சட்டகத்தில் ஒரு சின்ன பாட்டிலில் வெறும் தண்ணீரும் இருக்கும். காயம் கழுவ, வாய் கொப்பளிக்க. நாலு மணி நேரம் இனிப்பை உறிஞ்சினால் பல்லுக்கு நல்லதில்லை.

ஜெல்லை முழுதாக ஒதுக்கவில்லை. மார்கழி, தை மாதக் காலையில் தாகமே எடுக்காது. குடிக்காவிட்டால் சர்க்கரையும் உள்ளே போகாது. கரைசலின் பெரிய பலவீனம் இதுதான். அந்த மாதங்களில் ஏற்றம் தொடங்கும் முன் நின்று ஒரு ஜெல் எடுத்துக்கொள்கிறேன். மலைவாழைப்பழமும் அந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. கடலை மிட்டாய் ருசிதான், மூச்சு வாங்கும்போது மெல்ல முடியவில்லை. அதைத் தேநீர்க்கடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

5 மணி நேரத்துக்கு மேல் நான் மண் தடத்தில் ஓட்டியதில்லை, பந்தயத்திலும் கலந்துகொண்டதில்லை. மணிக்கு 80, 90 கிராம் வரை எடுக்கிறவர்களுக்கு முதுகுப் பை மட்டும் போதுமா என்பது அவர்கள் சொல்ல வேண்டியது. எனக்கு அடுத்த ஞாயிறு சுற்றுக்கு ஒன்றரை லிட்டர் கரைசல், ஒரு ஜெல், இரண்டு பழம். ஜெல்லின் வாய் ஓரத்தைக் கிளம்பும் முன்பே கத்திரியால் லேசாக நறுக்கி வைத்துக்கொள்வேன். காலியான உறை பையோடு வீட்டுக்குத் திரும்பும்.