கீதா சொல்கிறாள், வீட்டுக்கு நட: தோலில் ரூன் வெட்டிய நான்கு வருடம்

என் சாவிக்கொத்தில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு தோல்பட்டை தொங்குகிறது. அதில் இரண்டு வரியாக 19 ரூன் எழுத்துகள், வட ஐரோப்பாவின் பழைய எழுத்துமுறை. பார்ப்பவர்கள் ஏதோ வைக்கிங் மந்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. உண்மையில் அதில் இருப்பது, “கீதா சொல்கிறாள், வீட்டுக்கு நட” என்பதுதான். இதை முதல்முறை வாசித்துக் காட்டியபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, “யார் அந்த கீதா?”

நான் இருப்பது நோர்வேயின் பேர்கன் நகரத்தில். இங்கே துறைமுகத்தை ஒட்டிய பிரிக்கன் பகுதியில் 1955 ஜூலையில் தீப்பிடித்து பழைய மரக்கட்டடங்கள் பல எரிந்துபோயின. சாம்பலை அள்ளிவிட்டுத் தோண்டத் தொடங்கியவர்களுக்கு ஏறக்குறைய 670 ரூன் பொறிப்புகள் கிடைத்தன. பெரும்பாலும் மரக்குச்சிகள். அரசர் பெருமையோ போர்க்கதையோ அதிகம் இல்லை. சரக்கு மூட்டையில் கட்டிய “இது இன்னாருடையது” என்ற சீட்டு, வியாபாரக் கடிதம், “என் அன்பே, முத்தமிடு” என்று ஒன்று. கீதாவின் குச்சியும் அந்தக் கூட்டத்தில் கிடந்ததுதான். இப்போதைய நோர்வேக்காரர்கள் அந்தப் பெயரை ‘கீடா’ என்பார்கள். அக்காலத்துப் பழைய நோர்ஸ் மொழியின் உச்சரிப்பு நம் கீதாவுக்குக் கிட்டத்தட்ட பக்கத்து வீடு. புருஷன் சாராயக் கடையில் உட்கார்ந்திருக்க, மனைவி அனுப்பிய ஆள் கொண்டுவந்த குச்சி என்பது பரவலான ஊகம். குச்சியின் மறுபக்கத்திலும் ஏதோ எழுத முயன்றிருக்கிறார்கள், ஆனால் வாசிக்க முடியாத கிறுக்கல். அந்தக் கிறுக்கலைப் பார்த்தால் சாராயக் கடை ஊகத்தை நம்பத்தான் தோன்றுகிறது.

அருங்காட்சியகத்தில் அந்தக் குச்சிகளைப் பார்த்துவிட்டு வந்த வாரமே தோல் வேலைக் கருவிகள் வாங்கினேன். நான்கு வருடமாக ஓய்வு நேரங்களில் ரூன் மட்டும்தான் வெட்டுகிறேன். பூ, குதிரை, கொடி எதுவும் கிடையாது. அதனால் இது பொதுவான தோல் வேலை அனுபவம் இல்லை. நேர்கோட்டு எழுத்து ஒன்றை மட்டும் செய்தவனின் குறிப்பு.

முதலில் நான் வாங்கியது இருபது சாமான் கொண்ட மலிவு செட். கூடவே ரூன் வடிவ அச்சுகள், சுத்தியலால் அடித்தால் எழுத்து பதியும் வகை. அந்த அச்சுகளை இரண்டு மாதம்கூடப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஆழம், ஒரே முகம். பிஸ்கெட்டில் கம்பெனி பெயர் பதித்த மாதிரி இருக்கும். ரூன் கத்தியால் கீறிய எழுத்து. மரத்தின் நார் ஓடும் திசையில் படுக்கைக் கோடு போட்டால் நாரோடு கலந்து மறைந்துவிடும் என்பதால் நின்ற கோடும் சாய்ந்த கிளையுமாகவே அமைந்தது என்பார்கள். கீறிய தன்மை போய்விட்டால் அதில் என்ன இருக்கிறது? செட்டில் இருந்த இருபதில் இன்று என் மேசையில் இருப்பது இரண்டு: தோலை அழுத்தி வடிவமைக்கும் மாடலிங் ஸ்பூன், கவராயம்.

அதன்பிறகு தனியாக வாங்கிய ஸ்விவல் கத்தி, அதாவது சுழலும் கத்திதான் இந்த நான்கு வருடத்தையும் சுமந்தது. ஆள்காட்டி விரல் மேலே சேணம் போன்ற ஒரு வளைவில் உட்காரும், கட்டைவிரலும் நடுவிரலும் உருளையைச் சுழற்றும். அமெரிக்கக் குதிரைச் சேணங்களில் பூவேலை செய்பவர்களுக்கு வளைவு எடுக்க வசதியான கருவி. நேர்கோட்டுக்கு இந்தச் சுழற்சி உதவியை விட உபத்திரவம். முதல் ஆறு மாதம் என் நின்ற கோடுகள் எல்லாம் காற்றில் சாய்ந்த கமுகு மாதிரி இருந்தன. கத்தியைக் குற்றம் சொன்னேன், கையைக் குற்றம் சொன்னேன். கடைசியில் குற்றம் கூர்மையில். மழுங்கிய அலகு தோலை வெட்டாமல் இழுக்கும், இழுக்கும்போது தானாகவே திரும்பும். இப்போது ஒரு அட்டையில் பச்சைப் பாலிஷ் கட்டியைத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஐந்தாறு எழுத்துக்கு ஒருமுறை அலகை அதில் பத்து இழுப்பு. சாணைக் கல் வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம்.

அலகு விஷயத்தில் ஒரு தவறு செய்தேன். தீட்டவே வேண்டாம் என்ற ஆசையில் செராமிக் அலகு வாங்கினேன். வெட்டும் சுகத்தைச் சொல்லி மாளாது, வெண்ணெய்தான். எட்டாவது மாதம் கைதவறிச் சமையலறைத் தரையில் விழுந்து முனை உடைந்தது. எஃகுக்கே திரும்பிவிட்டேன். அகலம் 6 மி.மீ. போதும். செட்டோடு வந்த 9 மி.மீ. அலகு சின்ன எழுத்தில் கிளை வெட்டும்போது பக்கத்துக் கோட்டையும் தொட்டுவிடும்.

தோல் தாவரப் பதனீடு செய்ததாக இருக்க வேண்டும், வெஜ் டான் என்று கேட்டால் கொடுப்பார்கள். குரோமிய உப்பால் பதனிட்ட குரோம் டான் தோலில் எவ்வளவு அழுத்தினாலும் ரப்பர் மாதிரி எழும்பிவிடும். நான் வாங்குவது ஸ்வீடனின் தார்ன்ஷோ தோல். 1873 முதல் இயங்கும் பதனீட்டுக்கூடம். அது இருப்பது உப்லாந்து மாகாணத்தில், ஸ்வீடனில் ரூன் கற்கள் மிக அதிகமாக நிற்கும் மண்ணும் அதுவே. இதற்காகத்தான் வாங்கினேன் என்று சொல்வது அழகாக இருக்கும். உண்மையில், அருகில் வெட்டுத்துண்டாகக் கிடைத்த நல்ல தோல் அது. தடிமன் 3 மி.மீ. பட்டைக்குச் சரி, புத்தக உறைக்கு 2 போதும்.

ஈரப்பதம்தான் ஆரம்பத்தில் எல்லோரையும் அழ வைக்கும். பஞ்சால் நனைத்த உடனே வெட்டினால் சேற்றில் கீறிய மாதிரி ஓரம் சரியும். நனைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்து வர வேண்டும். தோலின் நிறம் பழையபடி வெளிறத் தொடங்கியிருக்கும், கன்னத்தில் வைத்தால் மட்டும் குளிரும். அந்த நேரம்தான் நேரம். பின்பக்கம் பெட்டி ஒட்டும் டேப்பை ஒட்டிவிட்டால் வெட்டும்போது தோல் நீளாது. இதைத் தெரிந்துகொள்ளும் முன் செய்த ஒரு பெல்ட்டில் கடைசி எழுத்துக்கும் முதல் எழுத்துக்கும் இடைவெளியே மாறிப்போனது.

இன்னொன்று, இரும்பு. ஈரத் தோல்மேல் எஃகு அடிமட்டத்தை வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் அடிமட்டம் கிடந்த இடத்தில் நீலக் கறுப்பாய் ஒரு பட்டை. வாழைப்பூ நறுக்கிய கத்தியில் படியுமே, அதே சங்கதிதான். தோலில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் மை. ஊரில் கடுக்காயையும் இரும்புச் சத்தையும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்கு இது புதிதில்லை. எலுமிச்சைச் சாறு தடவ முக்கால்வாசி போனது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் அடிமட்டம்.

வெட்டும் முறைக்கு வருகிறேன். எழுத்து எழுத்தாக வெட்டக்கூடாது. கவராயத்தை 7 மி.மீ. வைத்து எல்லா நின்ற கோடுகளுக்கும் புள்ளி வைத்து, முதலில் அவற்றை மட்டும் வரிசையாக வெட்டிவிட வேண்டும். வேலி நட்ட மாதிரி இருக்கும். பிறகுதான் கிளைகள். ஆழம் தோலின் மூன்றில் ஒரு பங்கு. கிளை நின்ற கோட்டைத் தொடக்கூடாது, அரை மி.மீ. முன்னே அலகைத் தூக்கிவிட வேண்டும். இரண்டு வெட்டு சந்தித்தால் அந்த மூலையில் ஒரு முக்கோணச் செதில் கிளம்பும், நாள்பட அது உரிந்து ஓட்டையாகிவிடும். மிச்சமுள்ள அரை மி.மீ.யை மாடலிங் ஸ்பூனின் முனையால் அழுத்திச் சேர்த்தால் கண்ணுக்கு ஒரே கோடு.

இதில் உயிரை வாங்குவது ‘ஹ’ எழுத்து. நின்ற கோடு ஒன்று, அதன் நடுவில் இரண்டு சாய்கோடுகள் குறுக்கே, ஆறு முனை நட்சத்திரம். மூன்று வெட்டும் ஒரே புள்ளியில் முட்டும். கீதாவின் வாசகத்தில் இது இரண்டு தடவை வருகிறது. முதல் மூன்று பட்டைகளை இந்த நட்சத்திரத்திலேயே தூக்கி எறிந்தேன். பிறகு பிடிபட்ட வழி: நின்ற கோடு முழுதாக ஒரு வெட்டு, நான்கு கைகளையும் வெளியிலிருந்து மையத்தை நோக்கி நான்கு குட்டி வெட்டு, மையத்துக்கு ஒரு மி.மீ. முன் நிறுத்தம். நட்சத்திரத்துக்கு நடுவில் துளி மேடு மிஞ்சும். அது குறையாகத் தெரியாது, பொட்டு மாதிரி இருக்கும். இதற்கு நேர் எதிர் ‘இ’ எழுத்து, வெறும் ஒற்றைக் கோடு. சுலபம் என்று நினைப்பீர்கள். மறைக்கக் கிளை ஒன்றும் இல்லாததால் கை நடுங்கியது அதில்தான் அப்படியே தெரியும்.

வெட்டிய பிறகு பெவலர் என்ற சரிவு அச்சை வைத்து ஓரத்தைத் தட்டி எழுத்தை எழுப்பிக் காட்டலாம். அதற்கு மரக் கொட்டாப்புளியும் அடியில் கல்லும் வேண்டும். சமையலறை மேடை செய்யும் கடையில் கழித்துப் போட்ட கிரானைட் துண்டு சும்மா கிடைத்தது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கல்லுக்குக் கீழே துவாய் மடித்து வைக்கவும். நான் வைக்காமல் கீழ்வீட்டுப் பெண்மணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். போகப் போக பெவலரையே குறைத்துவிட்டேன். ரூனுக்கு வெறும் வெட்டும் உள்ளே கொஞ்சம் கருமையுமே பொருந்துகிறது. ஃபீபிங்ஸ் ஆன்டிக் பேஸ்ட் என்ற தோல் நிறப் பசையை விரலால் தேய்த்து உடனே துணியால் துடைத்தால் மேற்பரப்பு சுத்தமாகி, கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். ஓலையில் எழுத்தாணியால் கீறிவிட்டுக் கரி பூசித் துடைப்பதும் இதே வேலைதான்.

எழுத்து விஷயத்தில் நான் பட்ட அவமானம் ஒன்று. ஆரம்பத்தில் இணையத்தில் கிடைத்த 24 எழுத்து வரிசையை வைத்துக்கொண்டு, ஒரு நண்பரின் பெயரை எழுத்துக்கு எழுத்து மாற்றி “வைக்கிங் பெல்ட்” என்று பரிசளித்தேன். அவர் நெருங்கிய உறவினர் ஒருவர் வரலாறு படித்தவர். மெல்லச் சிரித்தார். ரூன் அகரவரிசைக்கு ஃபுதார்க் என்று பெயர். 24 எழுத்து உள்ளது பழைய ஃபுதார்க், எட்டாம் நூற்றாண்டோடு வழக்கொழிந்தது. வைக்கிங்குகள் எழுதியது 16 எழுத்தில். அதில் k ஒலிக்கும் g ஒலிக்கும் ஒரே எழுத்து, t ஒலிக்கும் d ஒலிக்கும் ஒரே எழுத்து. இடம் பார்த்து வாசித்துக்கொள்ள வேண்டியதுதான். இதை நோர்வே நண்பர்களுக்கு விளக்கப் பாடுபட வேண்டும். காகம் என்று எழுதி இரண்டு ககரத்தையும் இரண்டு விதமாக வாசிக்கும் நமக்கு என்ன விளக்கம் வேண்டும்? கீதாவின் குச்சி அதற்குப் பிந்தியது, அப்போது கூடுதல் எழுத்துகள் வந்துவிட்டன. ஆனாலும் அவள் பெயர் அங்கே ககரத்தில்தான் தொடங்குகிறது. ‘நட’ என்பதற்கான ‘கக்’கும் அப்படியே.

கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுப்பதை இரண்டாம் வருடமே நிறுத்தினேன். ஒருவர் மேல்நோக்கிய அம்பு போன்ற ஒற்றை ரூன் மட்டும் பெல்ட் முழுக்க வேண்டும் என்றார். அது ‘ட’ எழுத்துதான், வார்த்தைக்குள் வந்தால் ஒன்றும் இல்லை. தனியாக நின்றால் நோர்டிக் நாடுகளில் ஒரு நவநாஜி அமைப்பின் சின்னம். இரட்டை ‘ஸ’ யாருடைய சின்னமாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. கேட்டவர் அறியாமல் கேட்டாரா அறிந்து கேட்டாரா என்று ஆராயப் போகவில்லை, நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

செய்த பொருட்கள் எப்படி நிற்கின்றன? நோட்டுப்புத்தக உறை, மூன்றரை வருடம்: வெட்டு நேற்று வெட்டிய மாதிரி. தோல் தேன் நிறத்துக்கு இருண்டதால் கறுப்புக் கோடு முன்போலப் பளிச்சென்று இல்லை, ஆனால் கை தடவினால் எழுத்து தெரியும். பெல்ட், மூன்று வருடம்: பின்பக்கம் நன்றாக இருக்கிறது, பக்கிள் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து இரண்டு எழுத்து தட்டையாகிவிட்டது. ஓட்டையிலிருந்து நான்கு விரல் விட்டுத் தொடங்கியிருக்க வேண்டும். மோசமானது நாய்க் கழுத்துப்பட்டை. வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊரில், நனைவதும் காய்வதுமாக இருந்து தோல் ஊதி, ஒரு குளிர்காலத்திலேயே கோடுகள் வாயை மூடிக்கொண்டன. வேலை முடிந்ததும் ஒரு பூச்சு எண்ணெய், மேலே மெழுகு என்று இப்போது செய்கிறேன். அப்படியும் நாய்க்கு ரூன் செய்வதில்லை.

சாவிக்கொத்துப் பட்டைக்கு இரண்டரை வயது. சட்டைப்பையில் சாவிகளோடு உரசி மேல்வரி மங்கிவிட்டது. ‘வீட்டுக்கு நட’ இருக்கும் கீழ்வரி மட்டும் திடமாக நிற்கிறது. மனைவிக்கு அதில் திருப்தி. போன மாதம் அதன் மறுபக்கத்தில், பதிலாக, “வாறன்” என்று தமிழில் வெட்டிப் பார்த்தேன். சுழலும் கத்திக்கு இப்போதாவது வேலை வந்ததே என்ற எண்ணம். ‘வ’ வளைவில் அலகு வழுக்கியது, ‘ற’வில் இரண்டு வளைவும் ஒன்றாகிப்போனது, ‘ன்’ எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது என்ன, ரூனா?” என்றாள்.