மாக்கா கிழங்கைத் தொடங்குபவர்களுக்கு: பச்சைப் பொடியா, புழுக்கிய பொடியா, கேப்ஸ்யூலா?

சென்ற ஆண்டு, சத்துப்பொடியாக விற்கப்படும் பெரு நாட்டுக் கிழங்கான மாக்காவை வாங்க முற்பட்டபோது, ஒரே கிழங்கு நான்கு உருவங்களில் விற்கப்படுவதைக் கண்டேன்: வேகவைக்காமல் உலர்த்தி அரைத்த பச்சைப் பொடி, உறையில் ‘ஜெலட்டினைஸ்டு’ என்று அச்சிட்ட பொடி, கேப்ஸ்யூல், சொட்டுக் கணக்கில் எடுக்கும் திரவச் சாறு. விலை குறைவு என்பதாலும், ‘பச்சை’ என்ற சொல்லுக்கு இப்போது இருக்கும் மதிப்பாலும் முதலாவதை வாங்கினேன். ஒன்பதாம் நாள் அதை நிறுத்தினேன். பிறகு இரண்டாவதற்கு மாறி ஏழு மாதங்களாக அதிலேயே இருக்கிறேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

மாக்கா கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்வைக்குச் சிறு முள்ளங்கியைப் போலவோ நூக்கலைப் போலவோ இருக்கும். பெரு நாட்டின் நடுப்பகுதியில், ஹூனின் ஏரியைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், பெரும்பாலான பயிர்கள் தாக்குப்பிடிக்காத குளிரிலும் காற்றிலும் இது விளைகிறது. அறுவடை செய்த கிழங்கைப் பல வாரங்கள் வெட்டவெளியில் பரப்பி, பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறிமாறிப் படுமாறு காயவைக்கிறார்கள். அப்படிக் கல்போல இறுகிய கிழங்கு ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். உண்ணும் நேரத்தில் அதை ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, கஞ்சியாகவோ பாலில் கரைத்த பானமாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். புதிதாகப் பிடுங்கிய கிழங்கை வேகவைக்காமல் தின்பது உடம்புக்கு ஆகாது என்பது அந்த ஊர்க்காரர்களின் பழைய நம்பிக்கை. பச்சைப் பொடிக்குப் பணம் கொடுத்த பிறகுதான் இதைப் படித்தேன்.

என் தேர்வைத் தீர்மானித்ததும் இந்த வேகவைத்தல்தான். மாக்காவின் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து உள்ளிட்ட கார்போஹைட்ரேட். வேகாத மாவுச்சத்தின் மணிகள் இறுக்கமானவை. சிறுகுடலில் முழுவதும் உடையாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவாகின்றன. வேகாத அரிசியை வாயில் போட்டு மென்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீரும் சூடும் சேரும்போது அந்த மணிகள் உப்பி, குலைந்து, செரிமானத்துக்கு இடம் கொடுக்கின்றன. நெல்லைப் புழுக்கும்போது அரிசிக்குள் நடப்பதும் இதே மாற்றம்தான்; உணவியலில் அதற்குப் பெயரே ஜெலட்டினைசேஷன். ஆலைகளில் காய்ந்த மாக்காவைச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் உட்படுத்தி, பிறகு அரைக்கிறார்கள். அதனால்தான் இதைப் புழுக்கிய பொடி என்று அழைக்கிறேன். உறையிலுள்ள சொல்லைப் பார்த்து, விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் இதில் கலந்திருக்கிறதோ என்று சைவ உணவுக்காரர்கள் தயங்குகிறார்கள். கலப்பது கிடையாது. உண்மையான ஜெலட்டின் இருக்க வாய்ப்புள்ள இடம் கேப்ஸ்யூலின் மேலோடு. செல்லுலோஸ் ஓடு என்று குறிப்பிடாத எதையும் அவர்கள் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பச்சைப் பொடியின் ஒன்பது நாட்களில் எனக்கு வயிற்று உப்புசம் தொடர்ந்து இருந்தது; மாலையில் பசி மந்தப்பட்டது; மூன்றாம் நாளே அளவைப் பாதியாகக் குறைத்தும் பெரிய மாற்றம் இல்லை. புழுக்கிய பொடியை அதே அளவில், அதே காலைக் கேழ்வரகுக் கஞ்சியில் கலந்து குடித்தபோது அந்தத் தொல்லை வரவில்லை. ஒருவரின் வயிற்றை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. பச்சைப் பொடியைச் சிக்கலின்றிச் சாப்பிடும் நண்பர் ஒருவரும் எனக்கு உண்டு. ஆனால் மாக்கா ஒரு நாள் மருந்தன்று. பலன் ஏதும் தெரிவதானால் அதற்கு வாரக்கணக்கில் விடாமல் உண்ண வேண்டும் என்பதால், முதல் வாரத்திலேயே வயிறு மறுத்துவிடும் வடிவம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண் செலவாகிறது.

பச்சைப் பொடியின் தரப்பில் ஒரு நியாயமும் இருக்கிறது. சூடு சில வைட்டமின்களையும், கடுகுக் குடும்பத்துக்கே உரிய குளுக்கோசினோலேட் என்னும் கூட்டுப்பொருள்களில் ஒரு பங்கையும் குறைத்துவிடுகிறது. அதை இழப்பாகக் கருதுகிறவர்கள் பச்சைப் பொடியை நாடுவதில் தவறில்லை. மறுபுறம், அந்தக் கூட்டுப்பொருள்களிலிருந்து பிறக்கும் சில பொருள்கள் அயோடின் குறைவானவர்களின் தைராய்டுக்கு இடையூறு செய்யக்கூடியவை. ஆகவே தைராய்டுக் குறைபாடு உள்ள ஒருவர் எப்படியும் மாக்காவைத் தொடங்குவதானால், மருத்துவரைக் கேட்டபின், புழுக்கியதையே எடுப்பது பொருத்தம். மாக்காவுக்கே உரியவை என்று பேசப்படும் மாக்கமைடுகள் என்னும் கூட்டுப்பொருள்கள் கிழங்கைக் காயவைக்கும் காலத்திலேயே உருவாகின்றன என்பதால், ‘பச்சை’ என்று விற்கப்படும் பொடியும் வயலில் கிடந்த கிழங்கினின்று வெகுதூரம் வந்துவிட்ட பண்டம்தான்.

கேப்ஸ்யூலைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. சுவை தெரியாது, பயணத்தில் வசதி. மாக்காவின் வாசம் வறுத்த பருப்பையும் முள்ளங்கியையும் ஒன்றாக முகர்ந்தாற்போல இருக்கும். அதைப் பொறுக்க முடியாதவர்களுக்கு வேறு வழியும் இல்லை. குறை அளவில்தான். கடையில் பரவலாகக் கிடைப்பது 500 மில்லிகிராம் கொண்டது; நாளொன்றுக்கு 3 கிராம் வேண்டுமானால் ஆறு விழுங்க வேண்டும், ஒரு கிராமுக்கான விலையும் பொடியைவிட நன்றாகவே ஏறிவிடுகிறது. உள்ளே இருப்பது பச்சைப் பொடியா, புழுக்கியதா, பத்துக்கு ஒன்றாகச் சுருக்கிய சாறா என்பதை எல்லா உறைகளும் தெளிவாகச் சொல்வதில்லை. சொல்லாதவற்றை நான் தொடுவதில்லை. ஆண்மைக்கு என்று விளம்பரம் செய்து விற்கும் கலவைக் கேப்ஸ்யூல்களை முற்றாக விலக்குவது நல்லது: மூலிகை என்ற பெயரில் வந்த இத்தகைய பலவற்றில் சில்டெனாஃபில் (வயாக்ராவில் உள்ள மருந்து) போன்ற மருந்து மறைவாகக் கலந்திருந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது உயிராபத்து.

திரவச் சாற்றை நான் பயன்படுத்தியதில்லை. ஆய்வுகளில் பரவலாகப் பயன்பட்டது பொடி என்பதால், சொட்டுகளை அந்த அளவோடு பொருத்திப் பார்க்க வழி தெரியாமல் ஒதுக்கிவிட்டேன். மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்ற நிற வேறுபாட்டையும் தொடங்குபவர் பொருட்படுத்த வேண்டாம். சிவப்பு புராஸ்டேட் சுரப்பிக்கு, கறுப்பு விந்தணுவுக்கு என்ற பேச்சின் வேர் பெரும்பாலும் எலிகளிடம் நடத்திய சோதனைகளில் இருக்கிறது. நான் வாங்குவது மஞ்சள். காரணம், அதுவே எளிதில் கிடைக்கிறது.

அளவைப் பொறுத்தவரை, லிமா நகரின் கயெட்டானோ எரேடியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குஸ்தாவோ கொன்சாலெஸ் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல அடையாளம். அதில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 1.5 அல்லது 3 கிராம் வீதம் 12 வாரங்கள் மாக்கா கொடுத்தார்கள். பாலுறவு விருப்பம் எட்டாம் வாரத்திலிருந்து கூடியதாகப் பதிவானது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவோ மாறவில்லை. மாக்கா ஹார்மோனை ஏற்றும் என்று உறையில் எழுதி விற்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைப் படிக்கவில்லை போலும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் 3.5 கிராம் அளவில் ஆஸ்திரேலியாவில் நடந்த சிறிய ஆய்வொன்றில் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததாகக் கண்டார்கள். அதில் பங்கேற்றவர்கள் 14 பேர்தான், அதற்குமேல் அதில் பாரம் ஏற்றக் கூடாது. என்னளவில், பிற்பகல் தூக்கச் சடைவு குறைந்தது என்று சொல்வேன். அதே மாதங்களில் இரண்டாவது காபியையும் விட்டிருந்தேன் என்பதால் முழுப் பெருமையையும் கிழங்குக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

நான் தொடங்கிய முறை இது. முதல் வாரம் கால் தேக்கரண்டி, காலை உணவோடு. வயிறு ஏற்றதும் இரண்டாம் வாரம் அரைத் தேக்கரண்டி. மூன்றாம் வாரத்திலிருந்து தட்டையாக ஒரு தேக்கரண்டி, என் வீட்டுத் தராசில் அது 3 கிராமை ஒட்டி வந்தது. இப்படிக் கால் கால் அளவாக ஏற்றுவது பொடியில் இயல்பாக முடிகிறது, கேப்ஸ்யூலில் ஓட்டைப் பிரித்துக் கொட்டினால்தான் முடியும். மாலைக்குப் பிறகு எடுத்த இரண்டு நாட்களில் தூக்கம் தள்ளிப்போனதால் காலையோடு நிறுத்திக்கொண்டேன். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் மாக்காவைத் தவிர்க்க வேண்டும். மார்பகம், கருப்பை தொடர்பாகச் சிகிச்சையில் இருப்பவர்களும் நாள்தோறும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வாங்கும்போது 250 கிராம் பை ஒன்று போதும். பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும். ஈரக் கரண்டியை விட்டால் ஒரே வாரத்தில் கெட்டுப்போகும். நாளுக்கு 3 கிராம் வீதம் அந்தப் பை 83 நாட்களுக்கு வரும், அதாவது அந்த ஆய்வின் 12 வாரங்களுக்கு ஒரு நாள் குறைவு; தொடக்கத்தில் குறைவாக எடுத்த நாட்களையும் சேர்த்தால் அதைத் தாண்டியே நிற்கும். பை தீரும்வரை வேறு எந்தப் புதிய சத்துப்பொடியையும் தொடங்காமல் இருந்தால், இரண்டாவது பை வாங்குவதா வேண்டாமா என்பதை விளம்பரத்தைக் கேட்காமல் நாமே முடிவு செய்துகொள்ளலாம்.