டி.எக்ஸ். வேகனில் மின்விசிறியும் கொன்ட்ரோலரும்: நான்கு ஆண்டுப் பாவனையின் பின்

களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனைக்கு வேலைநாட்களில் சென்று திரும்பும் எனது டொயோட்டா டி.எக்ஸ். வேகனுக்கு 2021 ஆகஸ்ட் மாதத்தில் மின்விசிறியும் அதை இயக்கும் கொன்ட்ரோலரும் பூட்டினேன். முந்திய ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் இருக்கும் வண்டியைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. இந்த வண்டியின் கே வகை எஞ்சினில் விசிறி வோட்டர் பம்பின் புல்லியோடு சேர்த்தே பூட்டப்பட்டிருக்கும்; எஞ்சின் சுற்றும் வேகத்துக்கு ஏற்பவே அதுவும் சுற்றும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் ஒரு குறையுமில்லை. கச்சான் காற்று அனலாய் வீசும் யூன், யூலை மாதங்களில் கல்முனைச் சந்தைப் பக்கம் பத்து நிமிடம் ஊர்ந்து செல்ல நேர்ந்தால்தான் எஞ்சின் மெதுவாகச் சுற்ற, விசிறியும் சோம்பிப்போய், வெப்பமானியின் முள் மேலேறத் தொடங்கும். ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்தும் சூடேறினால் திறந்து நீரை ரேடியேற்றருக்கு விடும் தெர்மோஸ்டாட்டை மாற்றியும் அது முற்றாகத் தீராத பின்னரே மின்விசிறியைப் பற்றி யோசித்தேன்.

விசிறி, கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து வரவழைத்த பாவித்த பொருள். சிறிய யப்பானிய கார் ஒன்றினுடையது, அதன் பிளாஸ்டிக் கூண்டோடு வந்தது. கூண்டு முக்கியம். அது இல்லாமல் விசிறியை மட்டும் ரேடியேற்றரோடு சேர்த்துக் கட்டினால், இதழ்களுக்கு நேரே உள்ள வட்டத்தினூடாக மட்டுமே காற்று இழுபடும், மூலைகள் சும்மா கிடக்கும். கொன்ட்ரோலர் பெயரில்லாத ஒரு சிறு பெட்டி. ஒரு பக்கத்தில் வெப்பநிலையைத் தெரிவுசெய்யும் குமிழ், மறுபக்கத்தில் இரண்டு வயர்களோடு நீளும் சென்சர், உள்ளே சிறு மின்னால் பெரிய மின்னை இணைத்து அறுக்கும் சுவிச்சான ஒரு ரிலே, அவ்வளவுதான். சென்சர், சூடேறச் சூடேற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தது. இந்தச் சிறு விபரம் பின்னால் எனக்குப் பெரிய பாடமாயிற்று.

முதல் வயரிங் வேலையை ஒரு கராச்சில் கொடுத்துச் செய்வித்தேன். விசிறி சுற்றியது, நானும் மகிழ்ச்சியோடு வீடு வந்தேன். மூன்று மாதங்களுக்குள் அதன் சத்தம் மாறியது. முன்பு கூரையில் மழை விழுவதுபோல் கேட்ட இரைச்சல், களைத்த முனகலாய் இறங்கிவிட்டது. பொனற்றைத் திறந்து ரிலே சொக்கற்றைத் தொட்ட விரலை உடனே எடுக்க வேண்டியிருந்தது. சொக்கற்றைக் கழற்றிப் பார்த்தபோது, விசிறிக்கு மின் வெளியேறும் 87 என்ற எண்ணுக்குரிய துவாரத்தைச் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி ஒரு மூலையில் மெழுகுபோல் வழிந்திருந்தது. உள்ளே இருந்த பித்தளைக் கவ்வியோ பச்சை பூத்துக் கிடந்தது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் எங்கள் கரையில் உப்புக் காற்று புகாத இடமில்லை. ஆனாலும் மூன்று மாதத்தில் இவ்வளவு என்பது காற்றின் குற்றம் மட்டுமல்ல.

கல்லடியில் வயரிங் வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் கொன்ட்ரோலரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "எர்த்த முதல்ல பாருங்க தம்பி" என்று, மின் பற்றரிக்குத் திரும்பும் வழியைச் சுட்டிச் சொல்லி, மல்டிமீற்றரைக் கையில் தந்தார். எஞ்சின் ஓடும்போது பற்றரியின் முனைகளில் 13.8 வோல்ற்று, அதே வேளை, சுற்றிக்கொண்டிருக்கும் விசிறியின் முனைகளில் 11.9 வோல்ற்று மட்டுமே. இடையில் காணாமற்போன 1.9 வோல்ற்றைத் துண்டு துண்டாகத் தேடினோம். விசிறியின் கறுப்பு வயருக்கும் பற்றரியின் மறைமுனைக்கும் இடையில் ஒரு வோல்ற்றுக்கு மேல் இருந்தது. எர்த் வயரைப் பெயின்ற் அடித்த தகட்டின் மேலேயே ஆணி இறுக்கி விட்டிருந்தார்கள். மிச்சம், வீட்டு வயரிங்கில் மீந்ததுபோல் தோன்றிய மெல்லிய வயரிலும் ரிலேயின் தளர்ந்த கவ்வியிலும் போய்க்கொண்டிருந்தது. விசிறி இழுத்த மின்னோட்டம் 14 அம்பியர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 27 வாற் வெப்பம், விசிறியைச் சுற்றுவதற்குப் பதிலாக வயரையும் பிளாஸ்டிக்கையும் வேகவைத்துக்கொண்டிருந்திருக்கிறது. விசிறி முனகியதற்கும் சொக்கற் உருகியதற்கும் காரணம் ஒன்றே.

அன்று முழு வேலையையும் கழற்றிவிட்டு இருவருமாக மறுபடி செய்தோம். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 அம்பியர் பியூஸ், அங்கிருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயரில் 40 அம்பியர் ரிலேயில் மின் நுழையும் 30 ஆம் முனைக்கு, 87 இலிருந்து அதே தடிப்பு வயரில் விசிறிக்கு. எர்த் வயரைத் தகட்டில் விடாமல் பற்றரியின் மறைமுனைக்கே நேராகக் கொண்டுபோனோம். பியூஸ் பற்றரியின் அருகிலேயே இருக்க வேண்டிய காரணம் எளிது: அது காப்பது விசிறியை அல்ல, வயரை, பியூசுக்கு முன்னால் உள்ள வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் அதைத் தடுக்க எதுவுமில்லை. பெட்டிக்குள் இருந்த ரிலே இப்போது விசிறியின் பாரத்தைச் சுமப்பதில்லை. வெளியிலுள்ள பெரிய ரிலேயின் 85, 86 முனைகளுக்கிடையேயுள்ள சுருளை இழுப்பது மட்டுமே அதன் வேலை. அந்தச் சுருளுக்குக் குறுக்கே ஒரு சிறிய டயோடையும் போட்டோம். சுருளில் மின் அறும் கணத்தில் எழும் எதிர்வோல்ற்று பெட்டியின் மின்னணுப் பாகங்களை அடிக்காமலிருக்க அது தேவை. எல்லாம் முடிந்தபின் விசிறியின் முனைகளில் 13.4 வோல்ற்று காட்டியது. பழைய இரைச்சலும் திரும்பி வந்தது. வயர், கவ்வி, சூட்டில் சுருங்கும் உறை என்பவற்றுக்குக் கொடுத்த பணம் கொன்ட்ரோலரின் விலையைத் தாண்டியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேரோட்ட மோட்டார் என்பதால் வயர்கள் இரண்டும் இடம் மாறினால் விசிறி எதிர்ப்புறமாகச் சுற்றும் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடுகிறேன். ரேடியேற்றரின் முன்பக்கத்தில் ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தால் போதும். தாள் ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் வயரை மாற்ற வேண்டும்.

சென்சரை எங்கே வைப்பது என்பதில் நான் இருமுறை தவறினேன். முதலில், பெட்டியோடு வந்த குறிப்பின்படி அதை ரேடியேற்றரின் தகடுகளுக்கிடையில் செருகியிருந்தார்கள். அங்கே அது அளந்தது நீரின் சூட்டை அல்ல, நீருக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்றை. ஓடும் காற்றுப் பட்டால் குறைத்துக் காட்டும், நின்றால் திடீரென்று ஏற்றிக் காட்டும். பின்னர் எஞ்சினிலிருந்து ரேடியேற்றருக்குச் சூடான நீர் வரும் மேல் ஹோஸை இடையில் வெட்டி, ஒரு உலோக இணைப்புத் துண்டைப் பூட்டி, அதிலே சென்சரைத் திருகினேன். அதே துண்டில், பெட்டி பழுதானாலும் 95 பாகை செல்சியசில் தானாக இணையும் தனித் தெர்மோ சுவிச் ஒன்றையும் பூட்ட விரும்பி, ஒற்றை முனைச் சுவிச்சை வாங்கி வந்து அரைநாளை வீணாக்கினேன். அவ்வகைச் சுவிச் தன் உடலின் வழியாகவே எர்த் எடுக்கும். இரண்டு பக்கமும் றப்பர் ஹோஸ் இருக்க நடுவில் நிற்கும் உலோகத் துண்டுக்கு எர்த் எங்கிருந்து வரும்? இரண்டு முனையுள்ள சுவிச்சை மாற்றி வாங்கிய பிறகே அது வேலை செய்தது.

குமிழைத் திருப்புவதிலும் ஒரு கணக்கு உண்டு. என் எஞ்சினின் தெர்மோஸ்டாட் 82 பாகையில் திறப்பது. தொடக்கத்தில், குளிர்ச்சியாக இருந்தால் நல்லதுதானே என்று விசிறியை 80 பாகைக்கு வைத்தேன். எஞ்சின் சூடான பின் அது நிற்கவேயில்லை. நீர் 82 பாகைக்குக் கீழே இறங்கப் பார்த்தால் தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டு மறுபடி ஏற்றிவிடும், விசிறிக்கு நிற்க வாய்ப்பே இராது. இப்போது 92 இல் தொடங்கி 87 இல் நிற்கிறது. ரேடியேற்றர் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் வரை நீர் கொதிப்பதற்கு 115 பாகைக்கு மேல் போக வேண்டும் என்பதால், 92 என்பதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

2022 இல் எரிபொருள் இல்லாமற்போன மாதங்களில் வண்டி முற்றத்து வேம்பின் கீழே நின்றது. எரிபொருளைப் பங்கிட்ட கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்தபின் மீண்டும் எடுத்தேன். ஓடாமல் நின்ற அந்தக் காலம், ஓடிய காலத்தைவிட வயரிங்கைக் கூடுதலாகக் கெடுத்திருந்தது. சூட்டில் காயாத கவ்விகளில் உப்பும் ஈரமும் தங்கி, பியூஸ் பெட்டியின் இரு நாக்குகளும் பச்சையாகிவிட்டன. அன்றிலிருந்து ஒவ்வொரு கவ்வியையும் அரத்தாளால் தேய்த்து, வாசலின் தடவியே செருகுகிறேன். ரிலேக்கள் இரண்டும் அப்போது எஞ்சினுக்கு அருகிலிருந்து, எஞ்சினையும் இருக்கைப் பகுதியையும் பிரிக்கும் தீச்சுவரின் உயரமான பக்கத்துக்கு, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு, மாறின.

அதே ஆண்டின் இறுதியில், மலிவாகக் கிடைத்ததென்று மாற்றிப் போட்டிருந்த ரிலே ஒன்று இரவில் ஒட்டிக்கொண்டது. விசிறி தொடங்கும் கணத்தில் ஓட்ட மின்னைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். மேலே 40 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே தொடுமுனை சிறிதாக இருந்தால் அந்தப் பொறியிலேயே உருகிப் பற்றிக்கொள்ளும். விடியும்வரை விசிறி சுற்றி, பற்றரி முற்றாக இறங்கிவிட்டது. சாவியை எடுத்த பின்பும் விசிறி ஓடட்டும் என்று சுருளுக்கான மின்னை நேரே பற்றரியிலிருந்து எடுத்திருந்ததால், முன்னிரவில் அது சுற்றிய சத்தம் எனக்குச் சந்தேகத்தைக்கூடத் தரவில்லை. எஞ்சின் நின்றால் வோட்டர் பம்பும் நிற்கும். எஞ்சினுக்குள் இருக்கும் சூடான நீர் ரேடியேற்றருக்கு வராதபோது விசிறி சுற்றிப் பெரிய பயனில்லை. இப்போது சுருளுக்கு, சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் இக்னிஷன் மின்னே போகிறது. சாவியை எடுத்த பின் விசிறிச் சத்தம் கேட்டால் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

உண்மையில் பயந்தது 2024 இல். சென்சரின் வயர், ஹோஸ் கிளிப்பில் உரசி அறுந்துவிட்டது. சூடேறினால் தடை குறையும் சென்சர் அறுந்தால், தடை எல்லையில்லாமல் போகும். பெட்டி அதை மிகக் குளிர்ந்த எஞ்சின் என்று நம்பி விசிறியை நிறுத்திவிடும். பாதுகாப்பு என்ற பார்வையில் இதைவிடத் தலைகீழான ஏற்பாடு இருக்க முடியாது. பாண்டிருப்பில் முள் பாதியைத் தாண்டியபோது 95 பாகைச் சுவிச் தன்பாட்டில் விசிறியைத் தொடங்கியதால் தப்பினேன். மேல் ஹோஸில் நீரே இல்லாமற்போனால் அந்தச் சுவிச்சும் காற்றில் நின்று ஏமாறும் என்பதால், நீர்மட்டத்தைப் பார்க்கும் பழக்கத்தை எந்தப் பெட்டியிடமும் ஒப்படைக்க முடியாது.

ஸ்டியரிங்கின் கீழே மூன்று நிலைச் சுவிச் ஒன்றும் இருக்கிறது: தானியங்கி, எப்போதும் ஓடு, நிறுத்து. மாரிகாலத்தில் கிட்டங்கித் தாம்போதியில் சிறிதளவு நீர் ஓடும் நாட்களில் விசிறியை நிறுத்தியே கடப்பேன். பழைய விசிறி நீரை அள்ளி எஞ்சின் முழுவதும் வாரியடித்து, டிஸ்ரிபியூட்டர் நனைந்து நடுவழியில் நின்ற அனுபவம் இருந்ததால், எனக்கு இது பெரிய ஆறுதல். நாவிதன்வெளிப் பக்கம் ஏறிய பின் மறுபடி தானியங்கிக்கு மாற்ற ஒருமுறை மறந்தேன். இப்போது நிறுத்திய நிலையில் சிவப்புச் சிறு விளக்கு எரியும்.

மலைப் பாதையில் அது எப்படி என்று கேட்பவர்களுக்கு: செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவை வழியாக மகியங்கனைக்குப் போய், அங்கிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவில் இரண்டு தடவை சோதித்தேன். இரண்டாம் கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும் அந்த ஏற்றத்தில் பழைய விசிறியும் வேகமாகவே சுற்றும். ஆகவே அங்கே மின்விசிறி அதைவிட மேல் என்று சொல்ல மாட்டேன். வளைவுகள் முடியும்வரை விசிறி நிற்காமல் ஓடியது, முள் பாதிக்குச் சற்று மேலே நின்றது. எரிபொருள் மிச்சம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். குறிப்புப் புத்தகத்தில் நிரப்பிய லீற்றரையும் ஓடிய கிலோமீற்றரையும் எழுதி வருகிறேன். டயர்க் காற்றும் பாதையும் தரும் வேறுபாட்டுக்குள் அது மறைந்துபோகும் அளவே. அதற்காக யாரும் இதைப் பூட்ட வேண்டாம். இரவு மழையில் வைப்பரும் பெரிய விளக்கும் எரிய, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது விசிறியும் தொடங்கினால் பழைய ஓல்டனேற்றர் திணறி விளக்கு ஒரு கணம் மங்குகிறது. மழைக் குளிரில் விசிறி அரிதாகவே தொடங்குவதால் சகித்துக்கொள்கிறேன்.

கச்சான் காலத்துக் கல்முனை நெரிசலில் முள் இப்போது பாதியைத் தாண்டுவதில்லை. நான் வேண்டியதும் அதுதான். ஐப்பசி மழை பிடிக்கும் முன் எர்த் முனையை ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். அரத்தாளும் வாசலின் போத்தலும் டாஷ்போர்ட் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் செய்துவிடலாம் என்றிருக்கிறேன்.