கூஃபு பிரமிடின் கட்டுமானக் காட்சி: முப்பரிமாண மாதிரியா, செயற்கை நுண்ணறிவுப் படமா?

எகிப்தின் கீசாவில் கூஃபு மன்னனின் பிரமிடு எழுந்துகொண்டிருந்த காட்சியைக் கணினியில் உருவாக்க விரும்புவோர், பிளெண்டர் என்னும் மென்பொருளில் முப்பரிமாண மாதிரி அமைப்பதா, எழுத்து விவரிப்பிலிருந்து படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை நாடுவதா எனத் தயங்குகின்றனர்.

செலவு: பிளெண்டர் இலவசம், திறன்மிக்க கணினி வேண்டும். நுண்ணறிவுக் கருவிகள் பலவற்றுக்குச் சந்தா உண்டு.

நேரம்: மாதிரிக்கு வாரங்கள், மற்றதற்கு நிமிடங்கள்.

துல்லியம்: வேறுபாடு பெரிதாவது இங்கேதான். மாதிரியில் சுமார் 230 மீட்டர் அடிப்பக்கத்தையும் ஏறத்தாழ 52 பாகைச் சாய்வையும் அளவுப்படி உள்ளிடலாம்; பிற்காலத்து எகிப்திய ஆளுநர் ஜெஹுதிஹோதெப்பின் கல்லறை ஓவியத்தில் உள்ளபடி, சறுக்குவண்டியின் முன் நீர் ஊற்றுபவரையும் நிறுத்தலாம். நுண்ணறிவுக் கருவியோ, அப்போது கட்டப்பட்டேயிராத, பின்வந்த மன்னன் காஃப்ரேயின் பிரமிடைப் பின்னணியில் வைத்துவிடக்கூடும். செம்பு உளிகள் இருக்கவேண்டிய கைகளில் இரும்பைத் தந்துவிடக்கூடும். சாட்டையடிபடும் அடிமைக் கூட்டமும் கேளாமலே வரலாம். பிரமிடருகே கண்டெடுக்கப்பட்ட தொழிலாளர் கல்லறைகள் அந்தப் பழைய கற்பனையோடு பொருந்துவதில்லை.

திருத்தம்: கற்களை மேலேற்றிய சாய்தளம் நேராகச் சென்றதா, சுற்றி ஏறியதா என்பது இன்னும் விவாதமே. மாதிரியில் இரண்டையும் மாற்றிக் காட்டலாம். மற்றதில் ஒன்றைத் திருத்தப்போய் முழுப் படமும் மாறிவிடலாம்.

பாடநூலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் மாதிரியே ஏற்றது. ஒளியையும் புழுதியையும் சோதிக்கும் முன்வரைவுக்கு நுண்ணறிவுக் கருவி போதும்.