பதினோரு சவரன், நூறு அவுன்ஸ் வெள்ளி: ஊர் மாறிய எட்டு ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டுத் துணி அலமாரியில் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. அதற்குள் பாட்டி விட்டுப்போன பதினோரு தங்கக் காசுகள். பக்கத்தில், நானும் கணவரும் 2013 முதல் சிறுகச் சிறுகச் சேர்த்தவை: ஓர் அவுன்ஸ் கனடா மேப்பிள் இலைத் தங்க நாணயம் ஆறு, அதே மேப்பிள் இலையின் வெள்ளி நாணயம் நூறு. 2017-இல் கணவருக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வேலை உறுதியானபோது கட்டிலையும் சலவை இயந்திரத்தையும் என்ன செய்வதென்று ஒரே மாலையில் முடிவெடுத்துவிட்டோம். இந்த அலமாரித் தட்டுக்கு ஆறு வாரம் பிடித்தது.

போய், ஆறு ஆண்டு குடியிருந்து, 2023-இல் திரும்பியும் வந்துவிட்டோம். மூன்று வகை நாணயத்தையும் மூன்று விதமாக வைத்திருந்தோம். திட்டமிட்ட புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை, ஒரு முடிவுக்கு வர முடியாததால் நேர்ந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் போயிற்று.

ஒரு சங்கடத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். சிங்கப்பூரில் நாம் டாலரையும் வெள்ளி என்போம். இங்கே வெள்ளி என்று எழுதினால் உலோகம் மட்டுமே.

பாட்டியின் காசுகள் பிரிட்டிஷ் சவரன்கள். எடை 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டர் சொச்சம், 22 காரட். நகைக்கடையில் ‘ஒரு சவரன் எட்டு கிராம்’ என்கிறோமே, அந்தக் கணக்கு பிறந்தது இந்தக் காசில்தான். ‘பவுன்’ என்பதும் இதே ஒரு பவுண்டு காசுதான். ஏழில் ராஜா தலை, நான்கில் ராணி தலை. ராஜா தலைகளில் இரண்டு 1918-இல் பம்பாயில் அச்சானவை. பின்புறம் திருப்பி உருப்பெருக்கியில் பார்த்தால், குதிரைக்குக் கீழே, ஆண்டு எண்ணுக்கு மேலே உள்ள தரைக்கோட்டில் கடுகைவிடச் சிறிதாக ஆங்கில ‘ஐ’ எழுத்து நிற்கும். எட்டுக் காசுகள் காசுமாலையில் கோத்திருந்தவை. மற்ற மூன்று பாட்டி மடியில் முடிந்து வைத்திருந்தவை. இந்த எட்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பின்னால் பெரிய கதையாயிற்று.

முதல் தலைவலி வரி. 2012 அக்டோபர் 1 முதல் சிங்கப்பூரில் முதலீட்டு உலோகங்களுக்குப் பொருள், சேவை வரி கிடையாது. நாணயம் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டுமென்றால் தங்கம் 99.5 விழுக்காடு, வெள்ளி 99.9, பிளாட்டினம் 99 விழுக்காடு தூய்மையாக இருக்க வேண்டும். மேப்பிள் இலை எளிதில் தேறிவிடும். சவரனின் தூய்மை 91.67. தேறாது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்டும் அமெரிக்கக் கழுகுத் தங்க நாணயமும் இதே காரணத்தால் வெளியே நிற்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் தூய்மைக்கு இதே அளவுகோல்தான். அங்கே வரி 10 விழுக்காடு. நம் வீடுகளில் தங்கத்துக்கே அளவுகோலாக இருக்கும் காசு, இரண்டு நாட்டு வரிச் சட்டத்திலும் முதலீட்டுத் தங்கம் இல்லை. இதை நான் பாட்டியிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

வீட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்ல அமர்த்திய இடமாற்ற நிறுவனத்தின் காப்புறுதித் தாளில் நாணயம், நகை, உலோகக் கட்டி எதற்கும் இழப்பீடு இல்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. விலை கணிக்க வந்தவரிடம் கேட்டேன். “புத்தகப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், பட்டியலில் எழுத வேண்டாம்” என்றார், ஏதோ உதவி செய்பவர்போல. பட்டியலில் இல்லாத பொருள் தொலைந்தால் காவல்துறையிடம் சொல்லக்கூட வாய் வராது. இதை எழுத்தில் தருவீர்களா என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். அந்த வழி அன்றோடு முடிந்தது.

எனவே இப்படிப் பிரித்தோம்: சவரன்களைக் கையோடு கொண்டுபோவது, மேப்பிள் தங்கத்தை இங்கேயே ஒரு வங்கிப் பெட்டகத்தில் விடுவது, வெள்ளியைத் தனியார் சேமிப்பகம் ஒன்றில் ஒப்படைப்பது.

வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு அவுன்ஸ் என்றால் மூன்று கிலோவுக்கும் மேல். இருபத்தைந்து காசு கொண்ட ஒரு குழாயே முக்கால் கிலோவைத் தாண்டும். ஏழு கிலோ கைப்பையில் பாதி இடம் போய்விடும், ஆனால் மதிப்பைப் பார்த்தால் இரண்டு அவுன்ஸ் தங்கத்துக்குக்கூட ஈடாகாது. வெள்ளியைச் சுமந்து ஊர் மாறுவது அரிசி மூட்டையோடு விமானம் ஏறுவது போன்றது. இருக்கும் ஊரில் விற்றுவிட்டுப் போகும் ஊரில் வாங்கிக்கொள்வதே மேல் என்பது இன்று என் கருத்து. அன்று மனம் வரவில்லை. சேமிப்பகத்தார் ஒவ்வொரு குழாயையும் திறந்து, எடை போட்டு, கருவியில் சோதித்த பிறகே ஏற்றார்கள். அதற்குத் தனிக் கட்டணம். அவர்களிடமே வாங்கி அங்கேயே விட்டிருந்தால் அந்தச் செலவு இல்லை. ஆண்டுக் கட்டணமும் விழுக்காட்டுக் கணக்கில் தங்கத்தைவிட வெள்ளிக்குக் கூடுதல். அடைக்கும் இடம் அப்படி.

பயணத்தன்று சாங்கி விமான நிலையத்தில் பதினோரு சவரனும் என் கைப்பையில். சாங்கியில் நான்காம் முனையம் தவிர மற்றவற்றில் பை சோதனை விமானம் ஏறும் வாசலருகே நடக்கும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் அதே விமானத்தில் உடன் வருபவர்கள். ஊடுகதிர்த் திரையில் தங்கம் கன்னங்கரிய திட்டாகத் தெரியும், உள்ளே என்ன என்று புரியாது. பையைத் திறக்கச் சொன்னார்கள். தனி அறையில் காட்டலாமா என்று நான் மெதுவாகக் கேட்டதும் பெண் அதிகாரி ஒருவர் தயங்காமல் அழைத்துப் போனார். இதைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. என் மாமியார் பின்னால் நின்றுகொண்டு, “எல்லாரும் பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள்” என்று உரக்கச் சொன்னதுதான் அன்றைய ஒரே பாதுகாப்புக் குறைபாடு.

பெர்த்தில் இறங்கும்போது பயணி அட்டையில் பொருள் இருப்பதாகக் குறித்துக் கொடுத்தேன். ஓராண்டுக்கு மேல் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய உடைமைகளுக்கு அங்கே வரி இல்லை. அதை எப்படிக் காட்டுவது? ரசீது இல்லாத காசுகள். என்னிடம் இருந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் நகல்: கழுத்தில் காசுமாலையோடு பாட்டி. கூடவே ஒவ்வொரு காசின் இரு பக்கப் படமும் எடையும் எழுதிய இரண்டு தாள். அதிகாரி புகைப்படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு தாளை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, போகலாம் என்றார்.

கணவரின் கணக்காளர் சொன்ன ஒரு குறிப்பு, சேமிப்பகக் கட்டணத்தையெல்லாம்விடப் பெறுமானமானது. சொத்தை விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரி சிங்கப்பூரில் இல்லை, ஆஸ்திரேலியாவில் உண்டு. அங்கே வரிக் கணக்கில் குடியிருப்பாளர் ஆகும் நாளில் கைவசமிருக்கும் இத்தகைய சொத்துக்கு, பொதுவாக அன்றைய சந்தை மதிப்பே வாங்கிய விலையாகக் கொள்ளப்படும். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு விதி வேறு. எங்கள் நிலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இருக்கட்டும் என்று, இறங்கிய வாரத்துத் தங்க விலையை அச்செடுத்து அந்த இரண்டு தாளோடு இணைத்து வைத்தேன்.

பெர்த்தில் வாடகை வீடு. இரும்புப் பெட்டியைத் தரையில் திருகி இறுக்க வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். அவர் தர நான்கு மாதம் ஆயிற்று. திருகாத பெட்டி திருடனுக்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்த மாதிரி. அந்த நான்கு மாதமும் காசுகள் சலவைத்தூள் டப்பாவின் அடியில் இருந்தன. பெருமைப்பட ஒன்றுமில்லை.

நகரத்தில் ஹே தெருவில் பெர்த் மின்ட் இருக்கிறது, 1899-இல் தொடங்கிய நாணயச்சாலை. அதைச் சுற்றிப் பார்த்த உற்சாகத்தில், வேறொரு நாணய வணிகரிடம் காசுகளின் மதிப்பைக் கேட்கப் போனேன். அவர் கண்ணில் லென்சைப் பொருத்திக்கொண்டு காசின் விளிம்பை விரல்களுக்கிடையே சுழற்றினார். மாலையில் இருந்த எட்டிலும், தலைக்கு நேர்மேலே விளிம்பில் வளையம் பற்றவைத்து அறுத்த தழும்பு. ஒன்று 8.03 கிராம் காட்டியது, பற்று ஒட்டியிருப்பதால். இன்னொன்று 7.91, யாரோ அதிகமாக அராவிவிட்டார்கள். “இவை நகையின் பாகங்கள், உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலைதான்” என்றார். மடியில் முடிந்திருந்த மூன்றுக்கு மட்டும் நாணய விலை. பம்பாய்க் காசு இரண்டில் ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். எதையும் விற்கவில்லை.

அடுத்தது என் சொந்தத் தவறு. புத்தகக் கடையில் வாங்கிய மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் நான்கு காசுகளைப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு ஆண்டில் உறையின் உட்புறம் பச்சையாகப் பிசுபிசுத்தது. பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறை மெல்லச் சிதைந்து வெளிவிடுவது அது. 22 காரட் காசில் செம்பு கலந்திருப்பதால் காசுக்கும் கேடு. அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல், ஒற்றி உலரவிட்டேன். நல்லவேளை, காசில் தடம் ஏறவில்லை. இப்போது எல்லாமே கெட்டியான அக்ரிலிக் சிமிழ்களில். சிமிழ் விலை ஒரு காப்பிக்கும் குறைவு.

2020 வந்தது. மார்ச்சில் வெள்ளி அவுன்ஸ் 12 அமெரிக்க டாலருக்கும் கீழே போய், ஆகஸ்டில் 29 டாலரைத் தாண்டியது. தங்கம் முதன்முறையாக 2,000 டாலரைத் தாண்டியதும் அதே ஆகஸ்டில்தான். கணவரின் வேலை நேரம் குறைக்கப்பட்டிருந்தது, பணம் தேவைப்பட்டது. விற்க வேண்டியது தங்கம். ஆனால் அது சிங்கப்பூர் வங்கிப் பெட்டகத்தில், என் ஒருத்தி பெயரில். சாவி பெர்த்தில் என் மேசை இழுப்பறையில். ஈசூனிலிருந்து அம்மா இரண்டு முறை வங்கிக்குப் போய், இணைப் பெயர் இல்லை என்று திரும்பினார். அதிகாரப் பத்திரம் தயாரித்து அனுப்பலாமே என்றால், கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். கொரோனாவுக்காக மூடிய தன் எல்லையை மேற்கு ஆஸ்திரேலியா திறந்தது 2022 மார்ச் 3 அன்று. ஏறக்குறைய இரண்டு ஆண்டு, என் பொருளை நானே தொட முடியாமல் வாடகை மட்டும் கட்டினேன்.

நான் ஏளனம் செய்துகொண்டிருந்த வெள்ளிதான் கைகொடுத்தது. சேமிப்பகக் கணக்கில் நுழைந்து எழுபது காசுகளை விற்றேன். அவர்களே சோதித்து ஏற்ற சரக்கு என்பதால் மறுசோதனை இல்லை. மூன்றாம் நாள் பணம் வங்கிக் கணக்கில். வெளிநாடு போகிறவர்கள் பெட்டகத்தின் கதவு எத்தனை அங்குலம் என்று விசாரிக்கிறார்கள். ஆள் ஊரில் இல்லாதபோது அது எப்படித் திறக்கும் என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

இடையில் திருச்சியிலிருந்து சித்தப்பா, “எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து விடம்மா” என்றார். இந்திய விமான நிலையத்துத் தீர்வையில்லாச் சலுகை நகைக்குத்தான், நாணயத்துக்கு இல்லை. 2022 ஜூலை முதல் தங்கத்துக்கு இறக்குமதித் தீர்வை வேறு 15 விழுக்காடு. 2024 ஜூலையில் அது 6 ஆகக் குறைந்தபோது நாங்கள் சிங்கப்பூருக்கே திரும்பியிருந்தோம்.

திரும்பும்போது சாங்கியில், சுங்கத்தாரிடம் பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போனோம். வசிப்பிடத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டு வருபவர்கள், குறைந்தது மூன்று மாதம் சொந்தமாக வைத்திருந்து பயன்படுத்திய பொருட்களுக்கு வரி நிவாரணம் கேட்கலாம். மறுபடியும் அதே இரண்டு தாள், அதே பாட்டி. கால் மணி நேரத்தில் வெளியே வந்தோம்.

இங்கே வந்த பிறகு முதல் செலவு ஓர் உலர்பெட்டி. புகைப்படக்காரர்கள் கேமரா லென்சுக்கு வைத்திருப்பார்களே, அதேதான். ஈரப்பதம் 40-ஐ ஒட்டி நிற்கிறது. மீதமிருந்த முப்பது வெள்ளிக் காசுகளைச் சேமிப்பகத்திலிருந்து மீட்டுப் பார்த்தால், ஒன்பதில் பால் சிந்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மேப்பிள் வெள்ளியில் இது பலரும் கண்ட குறை, ஈரத்தைப் பழித்துப் பயனில்லை. உலோக மதிப்பு குறையாது, கண்ணுக்குத்தான் உறுத்தும். அவற்றை அந்த மாதமே விற்றுவிட்டேன்.

ஆறு மேப்பிள் தங்கமும் இன்னும் அதே வங்கிப் பெட்டகத்தில் இருக்கின்றன. சென்ற ஆண்டு அம்மாவை அழைத்துப்போய் இணைப் பெயராகச் சேர்த்தேன். மாதிரிக் கையெழுத்து அட்டையில் அம்மா தமிழில் கையெழுத்திட்டார். “ஒவ்வொரு முறையும் மாறாமல் இதே மாதிரி போட வேண்டும், அம்மா” என்றார் அலுவலர். அம்மா பேனாவை மூடி அவரிடமே நீட்டினார். “அறுபது வருடமாக இப்படித்தான் போடுகிறேன். உங்கள் வங்கிதான் மூன்று முறை பெயர் மாற்றிவிட்டது.”