வடசேரி பக்கத்துல ஒரு சின்ன பிரஸ்

நாகர்கோவில்ல வீட்ல இருந்தே டிசைன் வேலை பாக்கேன், கல்யாண பத்திரிகை, கடை போர்டு, கோயில் கொடை நோட்டீஸ்னு. வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் சந்துக்குள்ள இருக்க இந்த ஆஃப்செட் பிரஸ்ஸ பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன்.

போன மாசம் மகளக் கூட்டிட்டு தோவாளை பூச்சந்தைக்கு போனேன், அங்க மாணிக்கமாலை கட்டுறத பாத்துட்டே நின்னோம், அரளிப்பூவ மடிச்சு மடிச்சு இடையில பச்ச நொச்சி இலை வச்சு அப்படியே பாய் பின்னுன மாதிரி வருது. "அப்பா இத பத்திரிகைல போடுங்க"ன்னா மக. பார்டரா வரஞ்சேன். ஸ்கிரீன்ல ரோஸ் ஜொலிக்கும், ஆனா அது ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்ச, நீல வெளிச்சம்; பிரிண்ட்ல சிஎம்ஒய்கே, அதாவது சியான், மெஜந்தா, மஞ்ச, கருப்புன்னு நாலு மை, அதனால மங்கிரும். முன்ன வேற எடத்துல குடுத்து 500 கார்டும் செங்கல் கலர்ல வந்து அன்னைக்கு ராத்திரி நானும் வீட்டுக்காரியும் தூங்கவே இல்ல.

இந்த வடசேரி பிரஸ்ல அண்ணாச்சி மெஷின் ஓட்டுறதுக்கு முன்னாடியே போன் பண்ணி "மக்கா, ஒரு எட்டு வந்து பாத்துட்டு போ"ன்னாரு. ப்ரூஃப, அதாவது மாதிரி பிரிண்ட, ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு, சியான்ங்கற நீல மைய கொஞ்சம் கொறச்சா பூ தெளியும்னாரு, தெளிஞ்சுது. ஒரு ஓரத்துல 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது வெட்டுறதுக்காக ஓரத்த தாண்டி கூடுதலா விடுற டிசைன், நான் விடாம விட்டதையும் அவருதான் கண்டுபிடிச்சாரு.

முகூர்த்த மாசத்துல ரெண்டு நாள் லேட் ஆகும், ரேட்டும் கொஞ்சம் கூடதான், ஆனா நம்பி வேலைய குடுக்கலாம். மொத கார்ட மககிட்ட குடுத்தேன், வெரலால பூவ தடவிப் பாத்துட்டு ஸ்கூல் பேக்ல வச்சுக்கிட்டா.